ஆறு பேருக்கு ஒரு கட்டில்

பிள்ளைகளே, நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். கட்டுரை எழுதிப் பழக்கம் இல்லை. என் மகள் கயல் படிக்கிற பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் பத்திரிகை போடுகிறார்கள். வெளிநாடு போய் வந்தவர்கள் யார் வீட்டிலாவது இருந்தால் எழுதி வாங்கி வாருங்கள் என்று டீச்சர் சொன்னதும் கயல் கையைத் தூக்கிவிட்டாள். தூக்கிய கையை அவள் இறக்கும்படி ஆகக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அரியலூர்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போது சிமெண்ட் ஆலைகளைப் பார்த்திருப்பீர்கள். உயரமான கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய இரும்புக் குழாய் படுத்த வாக்கில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குக் கில்ன் என்று பெயர். அதற்குள்தான் சுண்ணாம்புக்கல் வேகிறது. உள்ளே எரிகிற நெருப்பில் இரும்பு உருகாமல் இருக்க, குழாயின் உள்பக்கம் முழுவதும் நெருப்பைத் தாங்கும் செங்கல்லை வட்டம் வட்டமாகப் பதித்திருப்பார்கள். அது தேய்ந்துபோனால் ஆலையை நிறுத்தி, உள்ளே போய்ப் பழையதை உடைத்துப் புதியதைப் பதிக்க வேண்டும். அதுதான் என் வேலை. ஒவ்வொரு வட்டத்திலும் கடைசியில் ஒரே ஒரு கல்லுக்கு இடம் இருக்கும். அந்தக் கல்லைச் செதுக்கி, சுத்தியலால் அடித்து இறக்கினால்தான் வட்டம் இறுகும். இறுகாவிட்டால் மேலே இருக்கிற கல் தலையில் விழும். அதைச் சாவிக்கல் என்போம். எங்கள் ஆறு பேரில் சாவிக்கல் அடிப்பவன் நான்.

ஆலையை நிறுத்தி இரண்டு நாள் ஆனாலும் கில்னுக்குள் சூடு அடங்காது. ஒருவன் இருபது நிமிடத்துக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. மேஸ்திரி விசில் ஊதுவார். உள்ளே இருப்பவன் வெளியே வருவான், வெளியே இருப்பவன் உள்ளே போவான். இதை முறை என்போம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதனால்தான் பின்னால் எனக்கு வெட்கக்கேடு வந்தது.

அரியலூரில் கற்ற இந்த வேலைக்கு வெளிநாட்டிலும் ஆள் தேவைப்படுகிறது. சில வருடங்களாகப் போய் வருகிறோம். இருபது நாள், முப்பது நாள் வேலை. முடிந்ததும் ஊருக்கு. இந்தத் தடவை பிரேசில். துபாயில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும். அந்த இரண்டாவது விமானத்தில் மட்டும் பதினைந்து மணி நேரம்.

அந்தப் பதினைந்து மணி நேரம்தான் எனக்குப் பயம். போன வருடம் கில்னுக்குள் வழுக்கி விழுந்ததில் முதுகெலும்பில் ஒரு தட்டு விலகிவிட்டது. பெரம்பலூர் டாக்டரம்மா, "ஒரே எடத்துல உக்காந்திருக்கக் கூடாதுங்க. படுங்க, இல்லேன்னா நடங்க" என்றார். குன்னத்திலிருந்து பெரம்பலூர் வரை பஸ்ஸில் உட்கார்ந்து போனாலே இடுப்பு பூட்டிக்கொள்ளும். பிரேசில் ஆலையில் வாசலிலேயே ஒரு சோதனை வைப்பார்கள். தரையில் இருக்கும் செங்கல்லைக் குனிந்து எடுத்து, தலைக்கு மேல் தூக்கி, திரும்பத் தரையில் வைக்க வேண்டும். மூன்று தடவை. முடியாதவனை அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்களைப் போல வேலைக்குப் போன வேறொரு செட்டில் ஒருவரை அப்படி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் எந்த வேலைக்கும் கூப்பிடவில்லை. இப்போது திருச்சியில் ஒரு கடை வாசலில் காவலுக்கு நிற்கிறார்.

இதற்கு வழி சொன்னவர் ஹாஜா பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர். பல வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீக்கடை மாடியில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறார். ஒரே கம்பெனி விமானத்தில் திரும்பத் திரும்பப் போனால், போன தூரத்துக்குத் தக்கபடி நம் பெயரில் மைல் என்று ஒன்று ஏறிக்கொண்டே வருமாம். முதல் தடவை போகும்போதே பாய் என்னை அதில் சேர்த்துவிட்டிருந்தார். மற்ற ஐந்து பேரும், "அதெல்லாம் நமக்கு எதுக்கு பாய்" என்று விட்டுவிட்டார்கள். மைல் நிறைய சேர்ந்தால், சாதாரண சீட்டைக் கொடுத்துவிட்டுக் கட்டில் மாதிரி நீளும் சீட்டை வாங்கிக்கொள்ளலாம்.

அந்த மைல்களை வைத்து என் மனைவியை ஒரு தடவையாவது விமானம் ஏற்றிப் பார்க்க நினைத்திருந்தேன். செல்வியிடம் சொன்னபோது அவள் சோளத்தட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"நான் ஏறி எங்க போவப் போறேன்? நீங்க முதுக நீட்டிக்கிட்டுப் போயிச் சேருங்க. அங்க போயி குனிய முடியாம நின்னா, நாலு பேரு எங்கிட்ட வந்து விசாரிப்பாங்களே, அதத் தாங்க முடியாது."

கயல் கேட்டது வேறு. "படுத்துக்கிட்டே பறக்கறது எப்படி இருக்கும்பா? நீ படுத்திருக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துட்டு வாப்பா." சின்னவன், என் மகன் தமிழ், ஒன்றும் கேட்கவில்லை. கட்டில் கீழே விழுந்துவிடாதா என்று மட்டும் சந்தேகப்பட்டான்.

மைல் இருந்தால் மட்டும் போதாது, அந்தச் சீட்டும் காலியாக இருக்க வேண்டுமாம். கேட்டு வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய ஒரு வாரத்தில் நான்கு தடவை பாயின் மாடிப்படி ஏறினேன்.

"எப்ப பாய் தெரியும்?"

"அவங்க சொல்றப்ப தெரியும்."

"எப்ப சொல்லுவாங்க?"

"ராசு, நீ மொதல்ல உக்காரு."

"உக்காந்தாத்தான் பாய் வலிக்குது."

"அப்ப நின்னுக்கிட்டே கேளு. கடைசி நிமிசத்துலகூட கெடைக்கும். இன்ஷா அல்லாஹ் கெடைக்கும். நீ இப்படி அங்கயும் இங்கயும் நடந்து என் தரையத் தேய்க்காத."

புறப்படும் நாள் வந்துவிட்டது. பதில் வரவில்லை.

வேன் பாடாலூரில் கிளம்பியது. எங்கள் செட்டில் வேலு பாடாலூர்க்காரன். வாயாடி. அவனை ஏற்றிக்கொண்டு, பெரம்பலூரில் எங்களையும் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போவது ஏற்பாடு. மேஸ்திரி காளிமுத்து மாமா, நான், இன்னும் இரண்டு பேர் பெரம்பலூரில் மூட்டையோடு நின்றோம். மாமா எனக்குச் சொந்த மாமா இல்லை, ஒரே ஊர். சுத்தியல் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து வர வேண்டிய சுந்தரத்தைக் காணோம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நான் பஸ் ஸ்டாண்டை எத்தனை சுற்று சுற்றினேன் என்று எனக்கே தெரியாது.

"சோழன் படை கெளம்பிடுச்சாம். யானையெல்லாம் வரணும்ல, லேட்டாத்தான் ஆவும்" என்றான் வேலு.

சுந்தரம் வந்து இறங்கியபோது சட்டை முழுக்க வெள்ளைத் தூசி. அரியலூர் தாண்டி சுண்ணாம்புக்கல் லாரிக்கு டயர் வெடித்து, ரோடு முழுக்கக் கல் கொட்டிக் கிடந்ததாம். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி ஒதுக்கிப் போட்டார்களாம்.

"கல்லத் தூக்க பிரேசிலு வரைக்கும் போறோமே, இங்கயே கெடக்கு பாரு" என்றான் சுந்தரம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேன் சீட்டில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் இடுப்பில் ஊசி குத்த ஆரம்பித்திருந்தது. விழுப்புரம் வருவதற்குள் மூன்று தடவை வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காரணம் சொன்னேன். மூன்றாவது தடவை மாமா என்னை உற்றுப் பார்த்தார்.

"ஆறு பேருன்னு எழுதிக் குடுத்துருக்கேன் ராசு. அஞ்சு பேர வச்சிக்கிட்டு இருவது நாள்ல அந்த வேலைய முடிக்க முடியாது. தெரியும்ல?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சா சரி."

துபாய் விமான நிலையத்தைப் பற்றி நிறைய எழுதலாம். நம் பெரம்பலூர் டவுனைத் தூக்கி உள்ளே வைத்தால் ஒரு மூலையில் அடங்கிவிடும். நான் பார்த்ததெல்லாம் தரையைத்தான். உட்கார நாற்காலி இருந்தும் நடந்துகொண்டே இருந்தேன். விமானம் ஏறும் வாசலில் ஒரு பெண் என் பயணச் சீட்டை மெஷினில் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. என்னைத் தனியாக நிற்கச் சொன்னாள். ஊருக்கே திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவள் வேறொரு பயணச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"நீங்கள் மைல் கொடுத்துக் கேட்டிருந்த இடம் கிடைத்துவிட்டது."

"அஞ்சு பேரு அங்க நிக்கிறாங்க. எங்க ஆளுங்க" என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"உங்களிடம் மட்டும்தான் மைல் இருக்கிறது" என்றாள் அவள்.

விமானத்துக்குள் நுழைந்ததும் அவர்கள் வலது பக்கம் போக வேண்டும், நான் இடது பக்கம். நான் நின்றேன். மாமா என் தோளில் தட்டினார்.

"போடா. திரும்பிப் பாக்காத. அந்தக் கட்டிலு உன் முதுகுக்கு."

வேலு, "ராசண்ணே, எங்களையெல்லாம் ஞாபகம் வச்சிக்க" என்று கும்பிட்டான்.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். ஒருவருக்கு ஒரு சின்ன அறை மாதிரி. பக்கத்தில் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் கால் நீளும், இன்னொன்றை அழுத்தினால் முதுகு சாயும், கடைசியில் முழுக்கட்டிலாகிவிடும். மெத்தை, போர்வை, காலுறை, பல் துலக்கும் சாமான் எல்லாம் தருகிறார்கள். சின்னவன் தமிழுக்காக அந்தக் காலுறையை எடுத்து வைத்தேன். கட்டில் கீழே விழாது என்பதையும் பார்த்துக்கொண்டேன். வெள்ளைத் துணி விரித்துச் சாப்பாடு வைத்தார்கள். எனக்குப் பக்கத்து இடத்தில் பிரேசில்காரப் பாட்டி ஒருவர், கண்ணாடி போட்டவர், ஆரஞ்சுப் பழத்தைக் கத்தியால் ஒரே சுருளாக உரித்துக்கொண்டிருந்தார்.

நான் சாப்பாட்டைத் தொடவில்லை. எங்கள் செட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஆறு பேருக்கும் சோறு போட்டு முடிக்காமல் யாரும் கை வைக்க மாட்டோம். கில்னுக்குள் இருப்பவன் வெளியே வரும் வரைக்கும் மற்றவர்கள் காத்திருப்போம். பதினைந்து வருடப் பழக்கம். என் கை தானாக மடியில் கிடந்தது. எழுந்து திரையை விலக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

நம் ஊரில் வெங்காயப் பட்டறை பார்த்திருப்பீர்கள். காற்று போகக் கொஞ்சம் சந்து விட்டு, வெங்காயத்தை நெருக்கிக் குவித்து வைத்திருப்பார்கள். அப்படி இருந்தது அங்கே. மாமா நடுச்சீட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றியிருந்தார். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. அறுபதை நெருங்குகிற மனிதர். இவ்வளவு வருடம் இந்தக் காலோடுதான் வந்துகொண்டிருந்தாரா? நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவன்தான், ஒரு தடவையும் குனிந்து பார்த்ததில்லை.

"மாமா, வாங்க. கொஞ்ச நேரம் அங்க வந்து படுங்க."

"போடா அங்கிட்டு. நாங்க படுக்கவா நீ மைலு சேத்த?"

"என்னால உக்காரவும் முடியல, படுக்கவும் முடியல மாமா. சும்மாதான கெடக்கு."

வேலு முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். "இதுல என்ன பிரச்சனை? கில்னுல எப்படியோ அப்படி. முறை போட்டுக்குவோம். ஆளுக்கு ரெண்டு மணி நேரம். விசிலுதான் இல்ல."

பிள்ளைகளே, இது தப்பு என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்குக் கிடைத்த இடம், எங்களுக்குள் பிரித்துக்கொள்கிறோம், யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன். மாமாவை எழுப்பிக் கூட்டிப் போய்ப் படுக்க வைத்து, பொத்தானை அழுத்தினேன். கால் உயர்ந்ததும், "ஏய், ஏய், தூக்குதுடா" என்றார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. குறட்டைதான்.

நான் பின்னால் வந்தேன். மாமாவின் நடுச்சீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. கழிவறைப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே நின்றேன். நிற்க முடியாதபோது நடந்தேன். வால் பக்கத்திலிருந்து திரை வரைக்கும் போய், மறுபக்கம் திரும்பி வந்தேன். பகல் விமானம். கீழே ஆப்பிரிக்கா மஞ்சளாக முடிவே இல்லாமல் கிடந்தது. பிறகு கடல். ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் அதே கடல். சூரியன் எங்களோடு கூடவே வந்தது, சாயவே மாட்டேன் என்றது. மனதுக்குள் குனிந்து குனிந்து அந்தச் செங்கல்லை எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றது.

இரண்டு மணி நேரம் முடிந்ததும் மாமாவை எழுப்பப் போனேன். வாயைத் திறந்துகொண்டு, போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, அப்படியொரு தூக்கம். போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். அடுத்து சுந்தரத்தின் முறை. அதற்கடுத்து வேலு.

வேலு போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும். பணிப்பெண் ஒருத்தி வால் பக்கம் வந்து, நின்றுகொண்டிருந்த என்னைக் கண்டுபிடித்தாள்.

"ஐயா, உங்கள் இடத்தில் வேறொருவர் இருக்கிறார். இரண்டாவது தடவை சாப்பாடு கேட்கிறார்."

விஷயம் எப்படி வெளியே வந்தது தெரியுமா? அந்தப் பாட்டி பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "பக்கத்தில் இருப்பவரின் முகம் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி தெரிகிறது. எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டுமோ?" என்று கேட்டிருக்கிறார்.

மூத்த பணிப்பெண்ணிடம் கூட்டிப் போனார்கள். நரைத்த முடி, நேரான பார்வை. நான் கில்னைப் பற்றி, சூட்டைப் பற்றி, முறையைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்ல முயன்றேன். கையை வட்டமாகச் சுற்றிக் காட்டினேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"எனக்குப் புரிகிறது. ஆனால் எந்த இடத்தில் யார் என்பது எங்கள் கணக்கில் சரியாக இருக்க வேண்டும். ஏதாவது ஆபத்து என்றால் நான் உங்களைத் தேட வேண்டும் அல்லவா? நீங்கள் உங்கள் இடத்துக்கு, அவர் அவருடைய இடத்துக்கு. இனிமேல் இப்படி வேண்டாம்."

"இவ்வளவு நேரம் நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?" என்று கேட்டார் பிறகு.

"உக்காரல. நின்னுக்கிட்டிருந்தேன்."

சுற்றி இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் அதிக வெட்கமாக இருந்தது. வேலு தலையைக் குனிந்துகொண்டு திரையைத் தாண்டிப் போனான். போகும்போதும், "அந்த ஐஸ்கிரீம மட்டும் சாப்பிட்டுட்டு வந்திருக்கலாம்ணே" என்றான்.

இப்போது கட்டில் எனக்கே எனக்கு. படுத்தேன். தரையில் பாய் விரித்துப் படுத்த உடம்பு. மெத்தை உள்ளே வாங்கியது, இடுப்பு பள்ளத்தில் இறங்கியது. ஒரு பக்கம் திரும்பினேன், மறு பக்கம் திரும்பினேன். எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். நாற்பது நிமிடம். அதற்கு மேல் முடியவில்லை. இத்தனை வருட மைலையும் கொடுத்துவிட்டு, வலியை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டேனே, செல்விக்கு என்ன பதில் சொல்வேன் என்று எழுந்து மறுபடி நடக்க ஆரம்பித்தேன். பாட்டி ஒரு ஆரஞ்சுச் சுளையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நான்காவது தடவை திரையைத் தாண்டியபோது முதலில் என்னைத் தேடி வந்த அந்த இளைய பணிப்பெண் என் கையில் ஒரு சின்னப் பெட்டி சாக்லெட் கொடுத்தாள். "எப்படியும் நடக்கத்தான் போகிறீர்கள். அவர்களுக்கு இதைக் கொடுத்துவிடுங்கள்" என்றாள். ஐந்து இருந்தது.

மறுநாள் காலை ஆலை வாசலில் வரிசையில் நின்றோம். செம்மண், கல் லாரி, இரும்புக் கோபுரம். பேச்சைக் கேட்காமல் கண்ணால் மட்டும் பார்த்தால் அரியலூர் என்றே சொல்லலாம். மருத்துவர் உயரமான மனிதர். பக்கத்தில் ஒரு பெண் அவர் பேசுவதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள். மாமா முதலில் போனார். நன்றாகத் தூங்கிய மனிதர், மூன்று தடவையும் பையன் மாதிரி தூக்கினார். வேலு, சுந்தரம், மற்ற இருவர் என எல்லோருக்கும் ஆயிற்று.

என் முறை வந்தது. குனிந்தேன். பூட்டிக்கொள்ளவில்லை. தூக்கினேன், இறக்கினேன். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை கல்லை இறக்கும்போது, தரைக்கு ஒரு முழம் மேலே பிடித்துக்கொண்டது. மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. கல்லை வைத்துக்கொண்டு வளைந்து நின்றேன். மெதுவாக, ஒரு விரல் ஒரு விரலாக இறக்கி வைத்தேன். வியர்வை கண்ணுக்குள் வழிந்தது.

மருத்துவர் என் முதுகை அழுத்திப் பார்த்தார். "இந்த முதுகோடு பதினைந்து மணி நேரம் எப்படி வந்தீர்கள்?"

"நடந்து வந்தேன்" என்றேன். அந்தப் பெண் அதை அப்படியே மாற்றிச் சொல்ல, அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"உட்கார்ந்து வந்திருந்தால் முதல் கல்லையே எடுத்திருக்க மாட்டீர்கள்." காகிதத்தில் நெடுநேரம் எழுதினார். "தரையிலிருந்து கல் எடுக்கக் கூடாது. யாராவது இடுப்பு உயரத்துக்கு எடுத்துக் கொடுத்தால், பதிக்கும் வேலை மட்டும் செய்யலாம். எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறதா?"

அந்தப் பெண் சொல்லி முடிப்பதற்குள் ஐந்து பேரும் கையைத் தூக்கிவிட்டார்கள். கயல் வகுப்பில் தூக்கினாளே, அதே மாதிரி. மாமா இரண்டு கையையும் தூக்கியிருந்தார்.

அடுத்த இருபது நாளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாப்பாடு அரிசிச்சோறும் கருப்பு பீன்ஸும். அதன் மேல் மரவள்ளிக்கிழங்கு மாவை வறுத்துத் தூவுகிறார்கள். நம்மூரில் லாரி லாரியாக ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற அதே கிழங்குதான். ஒரு நாள் மஞ்சளாக ஒரு பழச்சாறு கொடுத்தார்கள். ஒரு மடக்கு குடித்ததும் சுந்தரம் டம்ளரை வைத்துவிட்டு, "இது எங்க முந்திரிப்பழம்டா" என்றான். ஆமாம், முந்திரிப்பழச் சாறு. நாம் கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தைத் தோப்பிலேயே விட்டுவிடுகிறோம். அவர்கள் பழத்தை ஜூஸ் போடுகிறார்கள். முந்திரி மரமே ஒரு காலத்தில் அந்த நாட்டிலிருந்துதான் கப்பல் ஏறி நம் பக்கம் வந்ததாம். சமையல்கார அம்மா சொன்னார். சுந்தரம் நம்பவில்லை. "எங்க ஊருலேருந்து இங்க வந்திருக்கும்" என்று கடைசி நாள் வரைக்கும் சண்டை போட்டான். இரண்டு பேருக்கும் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. தினமும் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தான்.

நான் ஒரு கல்லைக்கூடக் குனிந்து எடுக்கவில்லை. இடுப்பு உயரத்தில் யாராவது ஒருவருடைய கை கல்லோடு நின்றது. எல்லா வட்டத்துக்கும் சாவிக்கல்லை நான்தான் அடித்தேன். இருபதாம் நாள் கில்ன் சுற்ற ஆரம்பித்தது.

திரும்பும்போது என்னிடம் மைல் இல்லை. ஆறு பேரும் வலது பக்கம்தான். ஏறுவதற்கு முன்னால் மாமா எல்லோரையும் கூப்பிட்டார்.

"நடைபாதை ஓரத்து சீட்டு ராசுக்கு. மணிக்கு ஒருத்தரு முறை. எழுப்பி, வாலு வரைக்கும் கூட்டிட்டுப் போயி, கூட்டிட்டு வரணும். தூங்குறான்னு பாவம் பாக்கக் கூடாது. மொத முறை நானு."

"விசிலு?" என்றான் வேலு.

மாமா சட்டைப் பையில் கையை விட்டார். நிஜமாகவே விசில் இருந்தது. ஊத வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து கையைப் பிடித்துக்கொண்டோம். அப்படி ஆளுக்கு ஆள் என்னை எழுப்பி எழுப்பி நடக்க வைத்ததில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நான் தூங்கவில்லை. பெரம்பலூரில் வேனை விட்டு இறங்கி, ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறும்போது, குனிந்து என் பெட்டியை நானே எடுத்தேன்.

படுத்துக்கொண்டே பறப்பது எப்படி இருக்கும் என்று கயல் கேட்டாளே, அதற்குச் சரியான பதில் என்னிடம் இல்லை. நான் நாற்பது நிமிடம் படுத்தேன், அதுவும் புரண்டுகொண்டே. அவள் கேட்ட போட்டோவை இந்தக் கட்டுரையின் கீழே ஒட்டியிருக்கிறேன். போர்வைக்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர் நான் இல்லை. காளிமுத்து மாமா. எங்கள் தெருவில்தான் இருக்கிறார். சந்தேகம் இருந்தால் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.